முகத்தைச் சாவியாக்கும் பூட்டுகள்: தேர்வு செய்யும் முன் கேட்க வேண்டியவை

அமெரிக்காவின் நியூயார்க் நகரில், புரூக்ளின் பகுதியில் அமைந்துள்ள அட்லாண்டிக் பிளாசா டவர்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 700க்கும் அதிகமான வீடுகள் உள்ளன. வாடகைக் கட்டுப்பாட்டின் கீழ் வரும் இந்தக் கட்டடங்களின் நுழைவாயிலில், ஏற்கனவே பயன்பாட்டில் இருந்த மின்னணுச் சாவிக்குப் பதிலாக முகத்தை அடையாளம் காணும் கருவியைப் பொருத்துவதற்கு உரிமையாளர் தரப்பு 2018ஆம் ஆண்டு அரசின் அனுமதியைக் கோரியது.

பாதுகாப்பை மேம்படுத்துவதே தமது நோக்கம் என்று உரிமையாளர் தரப்பு கூறியது. ஆனால் குடியிருப்பாளர்களில் 130க்கும் அதிகமானோர் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் துணையுடன் 2019ஆம் ஆண்டு இதற்கு முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்கள். கருவி தங்கள் முகங்களைச் சரியாக அடையாளம் காணுமா, சேகரிக்கப்படும் தரவு யாரிடம் இருக்கும், இதை விரும்பாதவர்கள் தங்கள் வீட்டுக்குள் எப்படிச் செல்வது என்பவை அவர்கள் எழுப்பிய கேள்விகள். அதே ஆண்டு நவம்பரில் உரிமையாளர் தரப்பு திட்டத்தைக் கைவிட்டது.

பெரிய கட்டடங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த இந்தத் தொழில்நுட்பம், இன்று சாதாரண வீட்டுக் கதவில் பொருத்தும் பூட்டாகவும் விற்பனைக்கு வந்துள்ளது. சாவியை மறந்துவிடும் முதியவர்களுக்கும், விரல் மூட்டு வலியால் சாவியைத் திருப்ப இயலாதவர்களுக்கும், இரு கைகளிலும் பைகளுடன் வீடு திரும்புவோருக்கும் இது உண்மையிலேயே உதவக்கூடியது. கைரேகை தேய்ந்துபோன தொழிலாளர்களுக்குக் கைரேகைப் பூட்டைக் காட்டிலும் இது பொருத்தமாக இருக்கக்கூடும்.

எனினும், இத்தகைய பூட்டு ஒன்றைத் தேர்வு செய்வதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் உள்ளன. ஒன்று, கருவி நம்பத்தகுந்ததா என்பது. மற்றது, அந்தக் கதவு யாருடையது என்பது. விற்பனையாளர்கள் பெரும்பாலும் முதலாவது கேள்விக்கு மட்டுமே விடை தருகிறார்கள்.

கருவி எவ்வாறு இயங்குகிறது?

கதவருகே உள்ள கேமரா, படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் கண்டறிகிறது. பின்னர் அந்த முகத்தை ஓர் எண் தொகுப்பாக மாற்றுகிறது. கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஃபேஸ்நெட் என்ற முறையில், ஒரு முகம் 128 எண்களாகச் சுருக்கப்படுகிறது. அதன் பின்னர் வந்த ஆர்க்ஃபேஸ் போன்ற முறைகளில் 512 எண்கள் பயன்படுத்தப்படுகின்றன. இந்த எண் தொகுப்பை முக வார்ப்புரு எனலாம்.

கதவின் முன் ஒருவர் வந்து நிற்கும்போது உருவாகும் வார்ப்புரு, முன்னரே பதிவு செய்யப்பட்ட வார்ப்புருவுடன் ஒப்பிடப்படுகிறது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு குறிப்பிட்ட ஒரு வரம்புக்குள் இருந்தால் கதவு திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. அதாவது, இவர் அவர்தான் என்று கருவி உறுதியாக அறிவதில்லை. போதிய அளவு ஒத்திருக்கிறார் என்று மட்டுமே அது முடிவு செய்கிறது.

ஆகவே இதில் இருவகைத் தவறுகள் நேரலாம். வீட்டுக்காரரை அந்நியர் என்று கருதி மறுப்பது ஒன்று. அந்நியரை வீட்டுக்காரர் என்று கருதி அனுமதிப்பது மற்றொன்று. வரம்பைக் கடுமையாக்கினால் முதல் வகைத் தவறு அதிகரிக்கும். தளர்த்தினால் இரண்டாம் வகைத் தவறு அதிகரிக்கும். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும் என்பதால், இரண்டு விகிதங்களையும் சேர்த்தே கேட்க வேண்டும். "99 சதவீதத்துக்கும் மேல் துல்லியம்" என்ற ஒற்றை எண்ணுக்குக் கதவைப் பொறுத்தவரை அதிகப் பொருள் இல்லை.

இத்தகைய எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். ஃபேஸ்நெட் பெற்ற 99.63 சதவீதம் என்ற மதிப்பெண், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட படத் தொகுப்பின் மீது பெறப்பட்டது. அதில் உள்ளவை பெரும்பாலும் செய்திகளில் இடம்பெற்ற பிரபலங்களின் புகைப்படங்கள். மழை இரவில், மங்கிய விளக்கொளியில், குடையுடன் வாசலில் நிற்பவரின் படங்கள் அல்ல.

எண்ணிக்கை கூடும்போது

நான்கு பேர் வாழும் வீட்டுக்குப் பொருத்தமான கருவி, 500 பேர் வாழும் கட்டடத்துக்குப் பொருந்தாமல் போகலாம். இதற்கான காரணம் எளிய கணக்கில் அடங்கியிருக்கிறது.

ஒரு கருவி பத்தாயிரம் ஒப்பீடுகளில் ஒரு முறை அந்நியரைத் தவறாக ஏற்கும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் பதிவு செய்துள்ள வீட்டில், அந்நியர் ஒருவரின் முகம் நான்கு வார்ப்புருக்களுடன் ஒப்பிடப்படும். அவர் தவறுதலாக அனுமதிக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 2500ல் ஒன்று. ஆனால் 500 பேர் பதிவு செய்துள்ள நுழைவாயிலில் அதே முகம் 500 முறை ஒப்பிடப்படும். அங்கே அந்த வாய்ப்பு ஏறத்தாழ 20ல் ஒன்று ஆகிவிடுகிறது. கருவி மாறவில்லை, எண்ணிக்கை மட்டுமே மாறியது.

பெரிய கட்டடங்களில் இதற்கு ஒரு தீர்வு உண்டு. குடியிருப்பாளர் முதலில் தன் அட்டையைக் காட்டுகிறார் அல்லது இலக்கத்தை அழுத்துகிறார். பின்னர் கருவி அந்த ஒருவரின் வார்ப்புருவுடன் மட்டும் முகத்தை ஒப்பிடுகிறது. ஓரிரு வினாடிகள் கூடுதலாகும். ஆனால் 500 ஒப்பீடுகள் ஒன்றாகக் குறைந்துவிடும்.

புகைப்படத்தைக் காட்டினால்?

சீனாவின் ஜியாசிங் நகரில் 2019ஆம் ஆண்டு அக்டோபரில், பள்ளி மாணவர்கள் சிலர் தங்கள் பெற்றோரின் அச்சிட்ட புகைப்படத்தைக் காட்டிப் பொதிகள் வைக்கப்படும் தானியங்கிப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். அந்த வசதியைச் சோதனை முறையில் வழங்கிவந்த நிறுவனம் அதை உடனடியாக விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு நெதர்லாந்தின் நுகர்வோர் அமைப்பு 110 கைத்தொலைபேசிகளைச் சோதித்தபோது, 42 தொலைபேசிகள் உரிமையாளரின் புகைப்படத்துக்கே திறந்துகொண்டன.

இவற்றில் பலவற்றுக்கும் பொதுவான குறை, முகத்தைத் தட்டையான படமாக மட்டும் பார்க்கும் சாதாரண கேமராவை நம்பியிருந்ததுதான். சமூக வலைத்தளங்களில் எவருடைய புகைப்படமும் எளிதில் கிடைக்கும் இக்காலத்தில், அத்தகைய பூட்டு, சாவியைப் பலரறிய மாட்டிவைத்த பூட்டுக்கு ஒப்பானது.

ஆழத்தை அளக்கும் கருவிகள் இதனினும் நம்பகமானவை. ஆப்பிள் நிறுவனம் 2017ஆம் ஆண்டு ஐபோன் பத்தில் அறிமுகப்படுத்திய முறை, கண்ணுக்குத் தெரியாத 30,000க்கும் அதிகமான அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தின் மீது வீசி, மூக்கின் உயரத்தையும் கண்குழியின் ஆழத்தையும் அளக்கிறது. தட்டையான காகிதத்தில் அந்த ஆழம் இருக்காது. தொலைபேசித் திரையில் காட்டப்படும் படமோ அகச்சிவப்புக் கேமராவுக்குப் பெரும்பாலும் இருண்ட பலகையாகவே தெரியும். இரவு நேரத்தில் விளக்கின்றி இயங்குவதற்கும் அகச்சிவப்பு ஒளியே உதவுகிறது.

ஆனால் இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. தற்செயலாக ஒருவரின் முகம் மற்றொருவரின் தொலைபேசியைத் திறக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கூறும் ஆப்பிள் நிறுவனம், இரட்டையர்கள், தோற்றத்தில் ஒத்த உடன்பிறப்புகள், 13 வயதுக்குட்பட்ட சிறுவர்கள் ஆகியோரிடம் அந்த வாய்ப்பு அதிகம் என்றும் குறிப்பிடுகிறது. வீட்டுப் பூட்டில் அண்ணனின் முகத்துக்குத் தம்பி அனுமதிக்கப்படுவது பெரிய தீங்கல்ல. ஆனால் மருந்தகத்தின் கிடங்குக்கோ, நகைக்கடையின் உள்ளறைக்கோ அப்படிக் கூற முடியாது.

உயிருள்ள முகத்தையும் போலியையும் பிரித்தறியும் திறனைச் சோதிப்பதற்கென ஐஎஸ்ஓ 30107 என்ற சர்வதேசத் தரநிலை உள்ளது. அதன்படி சுயேச்சையான ஆய்வகம் ஒன்றில் கருவி சோதிக்கப்பட்டதா என்று விற்பனையாளரிடம் கேட்பது பயனுள்ளது. "உயிர்த்தன்மை கண்டறியும் வசதி உண்டு" என்ற விளம்பர வாசகம் அந்தச் சான்றுக்கு ஈடாகாது.

எல்லா முகங்களுக்கும் ஒரே அளவுகோலா?

அமெரிக்க அரசின் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்பத் தேசிய நிறுவனம் 2019ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இத்துறையில் முக்கியமானது. 99 தயாரிப்பாளர்களின் 189 மென்பொருள்களை அது ஆராய்ந்தது. ஒருவரை ஒருவருடன் ஒப்பிடும் சோதனையில், ஆசியர் மற்றும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் முகங்களைத் தவறாகப் பொருத்தும் விகிதம், வெள்ளையர்களுடன் ஒப்பிடுகையில், மென்பொருளைப் பொறுத்து 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது. பெண்கள், முதியவர்கள், குழந்தைகள் ஆகியோரிடமும் இத்தவறு கூடுதலாகக் காணப்பட்டது.

அதே அறிக்கையில் மற்றொரு செய்தியும் இருந்தது. சீனாவில் உருவாக்கப்பட்ட மென்பொருள்கள் பலவற்றில் கிழக்காசிய முகங்களுக்கு இந்தக் குறைபாடு காணப்படவில்லை. மென்பொருளைப் பயிற்றுவிக்க எந்த மக்களின் படங்கள் பயன்படுத்தப்பட்டன என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. மிகச் சிறந்த சில மென்பொருள்களில் மக்கள் குழுக்களுக்கிடையிலான வேறுபாடு மிகக் குறைவாகவே இருந்தது. ஆகவே எல்லா மென்பொருள்களும் ஒரே தரத்தன அல்ல. அந்த நிறுவனம் தன் சோதனை முடிவுகளைத் தொடர்ந்து பொதுவில் வெளியிட்டும் வருகிறது. பூட்டில் உள்ள மென்பொருள் யாருடையது, அது அந்தச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டதா என்று கேட்பதற்கு நுகர்வோருக்கு உரிமை உண்டு.

இக்கேள்வி தமிழர்களுக்கும் தொலைவானதல்ல. லண்டனிலோ டொரன்டோவிலோ பல இனத்தவர்களும் சேர்ந்து வாழும் கட்டடத்தில், ஒரே வரம்பு எல்லோருக்கும் வைக்கப்படும்போது, தவறுகள் எல்லோரிடமும் சம அளவில் நிகழ்வதில்லை.

முகத் தரவு எங்கே சேமிக்கப்படுகிறது?

சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். கடவுச்சொல் வெளியானால் வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். முகத்தை மாற்ற முடியாது. முக வார்ப்புரு எண்களின் தொகுப்புத்தான் என்றாலும், அதிலிருந்து முகத்தின் தோற்றத்தை ஓரளவு மீண்டும் உருவாக்க இயலும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

கதவுகளைக் கட்டுப்படுத்தப் பல நாடுகளில் பயன்படுத்தப்படும் பயோஸ்டார் 2 என்ற அமைப்பின் தரவுத்தளம் இணையத்தில் போதிய பாதுகாப்பின்றி இருந்ததை 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அதில் இரண்டு கோடியே 78 லட்சம் பதிவுகள் இருந்தன என்றும், பத்து லட்சத்துக்கும் அதிகமானோரின் கைரேகைகளும் முக அடையாளத் தகவல்களும் அவற்றில் அடங்கும் என்றும் அவர்கள் தெரிவித்தார்கள்.

தரவு வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்ற உறுதிமொழியையும் சரிபார்க்க வேண்டியுள்ளது. யூஃபி நிறுவனத்தின் வாயில்மணிக் கேமராக்கள், படங்கள் வீட்டிலேயே சேமிக்கப்படும் என்ற விளம்பரத்துடன் விற்கப்பட்டன. ஆனால் தொலைபேசிக்கு அனுப்பும் அறிவிப்புகளுக்காகச் சிறுபடங்கள் இணையவழி நிறுவனத்தின் கணினிகளுக்குச் செல்வதை 2022ஆம் ஆண்டு ஆய்வாளர் ஒருவர் கண்டறிந்தார்.

பணியிடங்களில் கதவுக் கட்டுப்பாட்டுக்கு உடற்கூறுத் தரவைப் பயன்படுத்துவது குறித்து பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகள், வார்ப்புருவை எங்கே வைப்பது என்பதைத் தரவரிசைப்படுத்துகின்றன. அதற்குரியவரின் கையில் உள்ள அட்டையிலேயே வைப்பது முதல் நிலை. மைய இடத்தில் இருந்தாலும், அவரது ஒத்துழைப்பின்றித் திறக்க இயலாதவாறு மறையாக்கம் செய்வது அடுத்தது. நிறுவனத்தின் முழுக் கட்டுப்பாட்டில் வைப்பது இறுதி நிலை. அதற்குத் தனியாகக் காரணம் காட்ட வேண்டும். வீட்டுப் பூட்டு வாங்குவோருக்கும் இந்த வரிசை நல்ல வழிகாட்டி.

பூட்டும் மின்கம்பியும்

முகத்தை எவ்வளவு நுட்பமாக அறிந்தாலும், கதவைக் காப்பது இறுதியில் இரும்புத் தாழ்தான். மெல்லிய கதவில், பலவீனமான தாழுடன் பொருத்தப்படும் விலையுயர்ந்த கேமராவால் பயனில்லை.

கதவைத் திறக்கும் மின்கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெளிச்சுவரில் உள்ள முகக் கருவிக்குள்ளேயே அந்த மின்விசை இருந்தால், கருவியைக் கழற்றி இரண்டு கம்பிகளை இணைத்தே கதவைத் திறந்துவிட முடியும். கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ளே இருக்க வேண்டும். கருவிக்கும் பெட்டிக்கும் இடையே செல்லும் தகவலும் மறையாக்கம் செய்யப்பட வேண்டும். பழைய வீகண்ட் இணைப்பில் அந்த வசதி இல்லை. பின்னர் வந்த ஓஎஸ்டிபி என்ற முறையில் உண்டு.

மென்பொருளைப் புதுப்பிப்பதும் முக்கியம். கேஸ்பர்ஸ்கி நிறுவனம் 2024ஆம் ஆண்டு சீனத் தயாரிப்பான முக அடையாளக் கருவி ஒன்றில் 24 குறைபாடுகளைக் கண்டறிந்தது. தீய நோக்குடன் தயாரிக்கப்பட்ட கியூஆர் குறியீட்டைக் கேமராவுக்குக் காட்டியே உள்ளே நுழைய முடியும் என்பது அவற்றில் ஒன்று. எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்புகள் வழங்கப்படும் என்று வாங்கும்போதே கேட்டறிவது நல்லது.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? சில பூட்டுகள் திறந்துகொள்ளும். சில பூட்டியே இருக்கும். பலர் வாழும் கட்டடத்தில் தீ விபத்தின்போது உள்ளிருப்போர் எவ்விதத் தடையுமின்றி வெளியேற வேண்டும் என்பதால், தீத்தடுப்பு விதிகளே இதைத் தீர்மானிக்கும். பாட்டரியில் இயங்கும் வீட்டுப் பூட்டு என்றால், இயந்திரச் சாவித் துளையோ, வெளியிலிருந்து அவசர மின்சாரம் தரும் வசதியோ கட்டாயம் வேண்டும்.

இணையத் தொடர்பை முழுமையாக நம்பியிருப்பதும் ஆபத்தானது. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக் நிறுவனத்தின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியபோது, அட்டைகள் செயல்படாததால் அதன் ஊழியர்கள் சிலர் தங்கள் அலுவலகக் கட்டடங்களுக்குள்ளேயே நுழைய முடியவில்லை என்று செய்திகள் வெளியாயின.

பலருக்கும் பொதுவான கதவு

தன் வீட்டில் எந்தப் பூட்டைப் போடுவது என்பது அக்குடும்பத்தின் முடிவு. ஆனால் குடியிருப்பின் முகப்பு வாயிலும், பணியிடத்தின் கதவும் அப்படியல்ல. அங்கே ஒருவர் முடிவெடுக்கிறார்; பலர் முகத்தைக் கொடுக்க வேண்டியுள்ளது. சம்மதம் என்பது மறுக்கும் உரிமையும் இருந்தால்தான் பொருளுடையது.

பல நாடுகளின் சட்டங்கள் இந்த இடத்தில் ஒரே திசையில் செல்வது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் இலினாய் மாநிலம் 2008ஆம் ஆண்டிலேயே உடற்கூறுத் தரவைச் சேகரிக்க எழுத்துமூலச் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் 2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காணப் பயன்படும் உடற்கூறுத் தரவைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வகைப்படுத்துகிறது. சீனாவின் உச்ச மக்கள் நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட விளக்கத்தின்படி, குடியிருப்புகளை நிர்வகிக்கும் நிறுவனங்கள் முக அடையாளத்தை மட்டுமே நுழைவு வழியாக வைக்க முடியாது. விரும்பாதவர்களுக்கு வேறு நியாயமான வழியை வழங்க வேண்டும்.

பிரிட்டனில், செர்கோ லெஷர் என்ற நிறுவனம் 38 பொழுதுபோக்கு மையங்களில் 2,000க்கும் அதிகமான ஊழியர்களின் வருகையைப் பதிவு செய்ய முக அடையாளத்தையும் கைரேகையையும் பயன்படுத்தியதை நிறுத்துமாறு தகவல் ஆணையர் அலுவலகம் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் உத்தரவிட்டது. அட்டை போன்ற எளிய மாற்று வழி ஊழியர்களுக்கு முன்வைக்கப்படாதது முக்கியக் காரணமாகச் சுட்டப்பட்டது. சிங்கப்பூரில், தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022ஆம் ஆண்டு கட்டட நிர்வாகங்களையும் கருத்தில் கொண்டு, பாதுகாப்புப் பணிகளில் உடற்கூறுத் தரவைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டியை வெளியிட்டது. நியூயார்க் நகரமும் 2021ஆம் ஆண்டு, மின்னணு நுழைவு வசதி உள்ள கட்டடங்களில் வாடகைதாரர்களின் தரவைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றியது.

எதைத் தேர்வு செய்வது?

தனி வீட்டுக்கு, ஆழத்தை அளக்கும் அகச்சிவப்புக் கருவி, பூட்டுக்குள்ளேயே வார்ப்புருவைச் சேமிக்கும் வசதி, இணையமின்றி இயங்கும் திறன், இயந்திரச் சாவி ஆகிய நான்கும் குறைந்தபட்சத் தேவைகள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விலை மலிவு என்பதற்காக வாங்குவது சரியான தெரிவாகாது. வாங்கிய பின், வீட்டில் உள்ள எல்லோரும், குறிப்பாக முதியவர்களும் சிறுவர்களும், நண்பகல் வெயிலிலும் நள்ளிரவிலும் கண்ணாடி அணிந்தும் அணியாமலும் ஒரு வாரம் சோதித்துப் பார்க்க வேண்டும். வாசலில் நிற்பவருக்குப் பின்னாலிருந்து வெயில் அடித்தால் பல கேமராக்கள் தடுமாறும். வீட்டைக் காலி செய்யும்போதோ, பூட்டை விற்கும்போதோ பதிவுகள் அனைத்தையும் அழிக்க வேண்டும்.

பொதுக் கதவு என்றால், அட்டையுடன் சேர்த்து ஒருவரை ஒருவருடன் மட்டும் ஒப்பிடும் முறையே பொருத்தமானது. குடியிருப்பாளர் சங்கத்தின் கூட்டத்தில் இத்தகைய திட்டம் முன்வைக்கப்பட்டால், நான்கு விடைகளை எழுத்தில் கேட்கலாம். முகத்தைத் தர விரும்பாதவருக்கு என்ன வழி? தரவு யாரிடம், எந்த நாட்டில் இருக்கும்? குடியிருப்பை விட்டுச் செல்பவரின் பதிவு எத்தனை நாட்களில் அழிக்கப்படும்? இரவு 11 மணிக்குக் கதவு திறக்க மறுத்தால் யாரை அழைப்பது?

இவற்றுக்குத் தெளிவான விடை தரும் நிர்வாகத்தின் திட்டத்தைப் பரிசீலிக்கலாம். விடை கிடைக்காவிட்டால், அது கிடைக்கும் வரை பழைய சாவியிலேயே தொடர்வதில் இழப்பு ஏதுமில்லை.